பதினெட்டு டிகிரியில் போன வால்நட்சத்திரம்

"ஏசி எத்தனையில இருக்கு, சேவியர்?"

"பதினெட்டு மேடம். சும்மா ஜில்லுன்னு இருக்கு!"

நான் பெருமையாத்தான் சொன்னேன். மேடம் முகம் வெளுத்துப்போச்சு.

நான் குளச்சல்காரன். ஷார்ஜாவிலும் துபாயிலும் பதினாறு வருஷம் ஏசி மெக்கானிக். அந்த வருஷம் கம்பெனி என்னை அபுதாபி பாலைவனத்தில் ஒரு வானாய்வுக்கூடத்துக்கு மெயின்டனன்ஸ் டூட்டிக்கு அனுப்பியது. அங்கே டெலஸ்கோப்பில் வேலை பார்த்தவங்க எலோடி மேடம், பிரெஞ்சுக்காரங்க. நிறைய சிறுகோள்கள் கண்டுபிடிச்சவங்க. சிறுகோளுக்குக் கண்டுபிடிச்சவங்க தன் பேரை வைக்கக்கூடாதாம். அதனால தங்கச்சி பேரு, ஊரு பேருன்னு வச்சிருந்தாங்க. வால்நட்சத்திரத்துக்கு மட்டும் கண்டுபிடிச்சவங்க பேரே வரும். அதிலும் ஒண்ணு கண்டுபிடிச்சிருந்தாங்க, ஆனா இன்னொருத்தர் பேரோட சேர்த்து. தனியா தன் பேரில் ஒண்ணு வேணும்னு அப்படி ஒரு ஏக்கம்.

முந்தின ராத்திரி புதுசா ஒண்ணு சிக்கியது. மறுநாளும் படம் எடுத்து, நிச்சயப்படுத்தி அனுப்பினால்தான் செல்லும். அன்னிக்குப் பகல் பூரா மேடம் உட்காரவே இல்லை.

ராத்திரி வெளியே இருக்கிற சூட்டுக்கே, அதாவது முப்பதில், டெலஸ்கோப் நிக்கிற டோமோட ஏசியை வைக்கணும்னு சுவரில் சீட்டு ஒட்டியிருந்தது. முப்பதா? ஏசிக்கே அவமானம்! கல்ஃபில் எவ்வளவு குளிருதோ அவ்வளவுக்கு ஏசிக்காரனுக்கு நல்ல பேரு. பாவம், மேடம் வேர்த்து விறுவிறுத்து அலையுதாங்களேன்னு மதியமே பதினெட்டில் வச்சேன்.

பொழுது சாய்ஞ்சதும் டோம் கூரை திறந்தது. செப்டம்பர் புழுக்கம் உள்ளே வந்ததும் டெலஸ்கோப் கண்ணாடி பூரா வேர்த்துப்போச்சு. ஏசி காரை விட்டு இறங்கினா மூக்குக்கண்ணாடி மங்குமே, அதே மாதிரி. அப்பதான் மேடம் அந்தக் கேள்வியைக் கேட்டாங்க. நான் துணியோட ஓடினேன்.

"தொடாதே! பூச்சு போயிடும்!"

அந்தக் கனத்த கண்ணாடி காய விடிஞ்சுபோச்சு. அதுக்குள்ள வேற நாட்டில் ஒருத்தர் முந்திக்கிட்டார். பேரு அவருக்குப் போச்சு.

எங்க கம்பெனி சூப்பர்வைசர் போனில் கத்தினார்: "செட்டிங்க மாத்துனது எவம்ல? கலாஸ், முடிஞ்சுது உன் வேலை, ஊருக்கு மூட்டையக் கட்டு!"

மேடம் என் கையிலிருந்து போனை வாங்கி, "நான்தான் மாத்தச் சொன்னேன்"னு சொன்னாங்க.

தம்பிமாரே, ஒரு செட்டிங் கிறுக்குத்தனமா தெரிஞ்சா கை வைக்காதீங்க, ஏன்னு கேளுங்க. ஒரு வார்த்தை நான் கேட்கலை.

மூணு மாசத்தில் மேடத்துக்கு காண்ட்ராக்ட் முடிஞ்சது. பெட்டியெல்லாம் கட்டிவச்சிட்டு, கடைசி நாள் என்னைக் கூப்பிட்டு சின்ன டெலஸ்கோப்பில் அந்த வால்நட்சத்திரத்தைக் காட்டினாங்க. பளிச்சுன்னு, வாலோட இருந்தது.

"என் பேரு இருந்திருந்தா இதைவிட அழகா இருந்திருக்குமா, சேவியர்?"

இல்லைன்னு ஆறுதல் சொல்ல வாய் வரலை.

"இருந்திருக்கும் மேடம்."

மேடம் சிரிச்சாங்க. "எனக்கும் அப்படித்தான் தோணுது"ன்னு சொல்லிட்டு, அந்தப் பக்கம் திரும்பி அழுதாங்க.