டபுள்ஸ் போனா வராத சத்தம்

ஒரு மாசமா என் சைக்கிள்ல கடகடன்னு ஒரு சத்தம்.

செயினை மாத்தினேன். பெடலை மாத்தினேன். வீடியோ பார்த்து கியரையும் நானே நோண்டினேன். அது பாட்டுக்கு கடகடன்னே வந்துச்சு.

இன்னைக்கு சேலையூர்ல ரிப்பேர் கடை அண்ணன்கிட்ட காட்டினேன். ஸ்டாண்டு போட்டுச் சுத்திப் பார்த்தார். சத்தமே இல்லை.

"நீ ஓட்டு சார், நான் பின்னாடி குந்திகினு கேக்குறேன்"னு கேரியர்ல ஏறிட்டார்.

கேம்ப் ரோட்டுல டபுள்ஸ். எனக்கு மூச்சு வாங்குச்சே தவிர, சைக்கிள் வாயே திறக்கலை.

"நல்லாத்தான கீது, இன்னா சார் நீ?"ன்னு கடுப்பா இறங்கினார்.

நான் தனியா கொஞ்ச தூரம் போனேன். கடகட.

அண்ணன் கேரியரை ஆட்டிப் பார்த்தார். நட்டு லூஸ். ஆள் உட்கார்ந்தா அழுந்திக்குது, காலியா போனாத்தான் ஆடுது.

"யாரும் குந்தறதில்லன்னா கழட்டிடலாம் சார். வெயிட்டும் கொறையும்."

இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து அதுல உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். கழட்ட வேணாம், டைட் பண்ணா போதும்னேன்.

வீடு வரைக்கும் ஒரு சத்தமும் இல்லை. அந்த கடகட இருந்தப்போ துணைக்கு ஏதோ ஒண்ணு வர்ற மாதிரியாவது இருந்துச்சு.

மாடம்பாக்கம் பக்கம் டபுள்ஸ் வர யாராவது இருக்கீங்களா? கேரியர் இப்ப ஆடாது.