அப்பாவின் சோடிச் சொற்கள்

இன்று ஆபீசில் வேலைநீக்கக் கடிதங்களை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். புது ரிப்பனின் மை வாடை என்னை மலேசியாவில் நாங்கள் இருந்த கிள்ளான் ஊருக்கு, அப்பாவின் மேசையருகே கொண்டுபோய்விட்டது.

அப்பா ஒரு ரப்பர் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆங்கிலத்தில் எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்று நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். மழைக்கு 'ஹெவி' போடாமல் 'பிக்' போட்டதற்காகத் துரை ஒருமுறை தாளை அவர் முகத்தில் எறிந்திருந்தார்.

"சோடி சரியா விழுந்தா துரை நம்மள மதிப்பாரு," என்று அம்மாவிடம் சொல்வார்.

ஒருநாள் மத்தியானமே ஒரு கடிதத்தோடு வந்து நின்றார். வேலை போய்விட்டது. கம்பெனி வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

"பிள்ளைங்கள வெச்சிக்கிட்டு எங்கங்க போறது?" என்று அம்மா அழுதாள்.

அப்பா நோட்டைத் திறந்தார். ஆழ்ந்து வருந்துகிறோம் என்பதற்குத் துரை எழுதியிருந்த 'டீப்லி ரிக்ரெட்' என்ற இரண்டு சொற்களையும் கடிதத்தைப் பார்த்து அழகாக எழுதிக்கொண்டார்.

"இந்தச் சோடி நம்மகிட்ட இல்ல," என்றார்.

இன்று அதே சோடியைப் பதினேழு கடிதங்களில் அடித்தேன். பட்டியலில் கடைசியாக என் பெயர் இருந்தது. அதையும் பிழையில்லாமல் அடித்து முடித்தேன்.