ஒரே அடுப்பில் சமைத்தவர்கள்

போன வாரம் புனேயின் கட்கியிலிருந்து எஸ்தர் அக்காவின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க சார்" என்றார். ஆப்பிரிக்காவின் பாந்து மொழிகளை வகைப்படுத்துவதில் எங்கள் மொழியியல் துறையில் அக்காவுக்கு இணை யாரும் இல்லை. கூட வேலை பார்த்த எல்லோருக்கும் அவர் அக்காதான், வயதில் மூத்தவர்களுக்கும்.

எது தனி மொழி, எது வட்டார வழக்கு என்று பிரிக்க அவர் ஒரு சோதனை வைப்பார். ஒருவர் தன் பேச்சில் ஏதாவது ஒரு சம்பவத்தைச் சொல்வார். அது டேப்பில் பதிவாகும். வேற்றூர்க்காரர் அதைக் கேட்டுவிட்டு, புரிந்ததை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் புனேயில் படித்துக்கொண்டிருந்த தான்சானிய ஜுமாவின் பேச்சை, அவருடன் படித்த சாம்பியாவின் ம்வான்சா ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டார். இரண்டும் ஒரே மொழியின் வழக்குகள் என்று அக்கா கட்டுரை வெளியிட்டார். துறையில் எல்லோரும் பேடா வாங்கித் தின்றோம்.

மறு வருடம் ம்வான்சாவின் தங்கை ஊரிலிருந்து வந்தாள். அதே டேப்பைப் போட்டோம். மரியாதைக்குக் கடைசிவரை கேட்டுவிட்டு, இது எந்த நாட்டுப் பேச்சு என்றாள். டேப் தேய்ந்திருக்கும் என்று நான் சமாளித்தேன்.

"டேப்பைக் குறை சொல்லாதீங்க தம்பி," என்றார் அக்கா. "ஜுமாவும் ம்வான்சாவும் மூணு வருஷமா ஒரே அடுப்புல சமைக்கிறாங்க. புரியாம இருக்குமா?"

விஷ்ராந்த்வாடியில் அவர்கள் சேர்ந்து தங்கிய வீட்டைப் பிடித்துக் கொடுத்ததே அக்காதான். அதற்கு முன் ஔந்த் பகுதியில் வீடு தேடி நானும் கூட அலைந்தேன். போனில் சரி என்றவர்கள், ஜுமாவின் முகத்தைப் பார்த்ததும் ஊரிலிருந்து உறவினர் வருவதாக மராத்தியில் சொன்னார்கள். அதை ஜுமாவிடம் ஆங்கிலத்தில் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை.

திருத்தம் வெளியிட்டபோது, எங்கள் நகரத்தில் வேறு யாரும் வீடு தராததால் இவர்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை என்று ஒரு வரி சேர்த்தார். வீட்டு விவகாரம் எதற்கு, ஊர் மானம் போகும் என்றேன்.

"போகட்டும். தப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு எழுதலன்னா அது திருத்தமே இல்ல."

அடக்கத்துக்கு ஜுமா வந்திருந்தார். இப்போது இங்கேயே வேலை, கல்யாணமும் ஆகிவிட்டது. ஔந்தில் வீடு ஏதாவது காலியா என்று கேட்டார். அக்கம்பக்கத்தாரின் முகங்கள் நினைவுக்கு வந்தன. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். யாரிடம் விசாரிப்பது? ஔந்தில் காலியாகக் கிடப்பது என் சொந்த வீட்டு மாடி. இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான்: தப்பு எங்கிருந்து வந்தது என்று எழுதிவிடுவது. எழுதிவிட்டேன். மாடிச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.