இரண்டாவது டப்பின் தண்ணீர்

எம்.எஸ்சி. ஆய்வுக்காக மொட்டைமாடியில் இரண்டு பிளாஸ்டிக் டப் வைத்திருந்தேன். முதலாவதில், எங்கள் தெருவுக்குப் பின்னால் முலாம் பட்டறைகளின் கழிவு ஓடும் கால்வாய்த் தண்ணீர். இரண்டாவதில், ஒப்பிட்டுப் பார்க்கும் 'கன்ட்ரோல்' ஆக, வீட்டு போர்வெல் தண்ணீர். இரண்டிலும் தாம்பரத்துக் காலிமனைக் குட்டை ஒன்றிலிருந்து அள்ளிவந்த தவளை முட்டைகள். தினமும் நோட்டில் எழுதுவேன்: நீளம், பின்னங்கால், முன்னங்கால், வால்.

வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்காதான் தலைப்பிரட்டைகளுக்கு வேகவைத்த கீரையைக் கிள்ளிப் போடுவாள்.

"புள்ளத்தாச்சி தவளையைப் பாத்துட்டு நிக்கலாமா? கொழந்தைக்கு முழி பிதுங்கிடும்" என்பாள் அம்மா.

"உங்க மாப்பிள்ளை முழியை விடவா?" என்பாள் அக்கா.

நான்காவது வாரம் கால்வாய்த் தண்ணீரில் பாதி செத்துப்போயின. மிச்சத்துக்குக் கால் வரவில்லை. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் வீட்டுத் தண்ணீரிலும் வரவில்லை. இரண்டுக்கு மட்டும் ஒரு பக்கம் முளைத்து நின்றுவிட்டது.

ஆய்வு வழிகாட்டி நோட்டைப் புரட்டினார். "உன் கன்ட்ரோலே போச்சும்மா. கொட்டிட்டு வேற தண்ணில மறுபடி வை."

நானும் அதை ஆய்வில் நேர்ந்த பிழையாகவே பார்த்தேன். 'இரண்டாவது டப்: நீக்கப்பட்டது' என்று எழுதி அடிக்கோடிட்டேன். தண்ணீர் கேன் போடும் அண்ணாவிடம் ஒன்று கூடுதலாகச் சொன்னேன். புது முட்டைகளுக்குக் கேன் தண்ணீர். கீழே அக்காவின் சோறும் ரசமும் போர்வெல் தண்ணீரில்தான் கொதித்தன. எங்கள் வீட்டில் குடிக்க மட்டும்தான் கேன்.

ஒன்பதாம் மாதம் குழந்தையின் அசைவு நின்றது. ஆண் குழந்தை. கை, கால், விரல்கள் எல்லாம் சரியாக இருந்தன. எண்ணிப் பார்த்தேன். காரணம் தெரியவில்லை என்றார் டாக்டர். எனக்கும் தெரியாது. இரண்டு டப்பை வைத்துக்கொண்டு அப்படி எதையும் சொல்லிவிட முடியாது. அதற்குப் பிறகுதான் போர்வெல் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். முலாம் பட்டறைகளில் பயன்படுத்தும் குரோமியம் இருந்தது.

புகுந்த வீட்டுக்குக் கிளம்பும் காலையில் அக்கா மாடிக்கு வந்தாள். டப்பின் விளிம்பில் நகமளவு தவளைகள் உட்கார்ந்திருந்தன.

"கால் வந்துடுச்சா?"

"நாலும் வந்துடுச்சுக்கா."

"இப்ப மட்டும் எப்படிடி?"

"தண்ணி மாத்தினேன்."

"முன்னாடி எந்தத் தண்ணி?"

சொன்னேன்.

"எப்ப மாத்தின?"

நோட்டைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"உனக்கு எட்டாம் மாசம் பொறந்தப்ப" என்றேன்.