நில்லாத மழைக்கு ஒரு வெள்ளிக் கால்

1947 நவம்பர் 22, சனிக்கிழமை, காலை எட்டேகால் மணி. தூத்துக்குடியில் கொண்டல் காற்றோடு கனத்த மழை. கார்த்திகையில் மைதானப் போட்டி வைத்தவர்களின் அறிவை என்னவென்று சொல்ல!

அன்று என் மகன் மிக்கேலுக்குக் குண்டெறியும் போட்டி. முந்தைய ஆண்டு துறைமுகத்தில் இரண்டு தோணிகளுக்கு நடுவே சிக்கி, அவன் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதற்குமுன் ஓட்டத்தில் அவனை முந்த ஆளில்லை. பிறகு மாதக்கணக்கில் வாசற்படி தாண்டவில்லை. உட்கார்ந்தபடி குண்டெறிந்து பழகத் தொடங்கியபோதுதான் அவன் முகத்தில் உயிரைப் பார்த்தேன். ஆனால் நின்று எறிந்தால்தான் போட்டியில் சேர்ப்பார்களாம். முதல் மூவருக்கு மட்டும் பாளையங்கோட்டையில் மாவட்டப் போட்டி.

"இதுலயும் விழுந்தா இனி என்னைய வெளிய கூப்பிடாதீய, அப்பா" என்று சொல்லிவிட்டான்.

மரக்காலுக்குத் தோணி கட்டும் ஓடாவியிடம் போனது என் கெட்ட நேரம். அவர் அறிந்ததெல்லாம் தோணியும், அதைக் கயிற்றால் பிணைக்கக் கரையில் அறையும் முளையும்தான். காலையும் முளைபோல் கூராகச் செதுக்கிவிட்டார். கட்டாந்தரையில் வழுக்கியது. கேட்டால், "அண்ணாச்சி, எங் கையால செஞ்சது எதுவும் இன்னைக்கு வரைக்கும் முங்கினதில்ல" என்கிறார்.

"ஓய், இது மெதக்கதுக்கா? நிக்கதுக்குவே!"

நுனியை வெட்டினால் கால் குட்டையாகும். வேறு செய்ய நேரமுமில்லை.

அறுபத்துமூன்று வயது முழங்கால்களோடு ஒன்பது நாள் மாதாவின் முன் முழந்தாளிட்டேன். "அம்மா, காய்ந்த தரையிலேயே வழுக்குகிறவன் ஈரத்தில் என்ன ஆவான்? மழையை நிறுத்து. வெள்ளியில் கால் செய்து காணிக்கை வைக்கிறேன்" என்று வேண்டினேன். ஒன்பதாம் நாள்தான் இந்த மழை. கோபத்தில் ஜெபமாலையை மடியில் சுருட்டி வைத்துவிட்டேன்.

மைதானம் முழுவதும் சேறு. முதல் எறியில், நின்று எறியும் வளையத்துக்கு வெளியே விழுந்தான். கணக்கில் சேராது என்றார் நடுவர். இரண்டாவதும் அப்படியே. இன்னும் ஒன்றுதான்.

"ஏலே, நங்கூரம் போட்டுக்கிட்டு எறிலே!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். மிக்கேல் சிரிக்கவில்லை. குனிந்து சேற்றைப் பார்த்தான். மரக்காலை ஓங்கி ஊன்றி, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினான். ஒரு சாண் இறங்கிப் பிடித்துக்கொண்டது. எறிந்தான். உடம்பு ஆடியது, கால் அசையவில்லை. முப்பத்தோரடி நான்கு அங்குலம். மூன்றாம் இடம். காலைச் சேற்றிலிருந்து பிடுங்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

மழை நிற்கவே இல்லையே, அதனால் நேர்ச்சை செலுத்த வேண்டியதில்லை என்றேன். என் மனைவி விடுவாளா?

"நீங்க கேட்ட மாதிரி தரை காஞ்சு கெடந்தா பிள்ள மூணாந்தரமும் விழுந்திருப்பான். மாதாகிட்டயுமா பேரம் பேசுதீய?"

மடியில் சுருட்டி வைத்திருந்த ஜெபமாலையை வெளியே எடுத்தேன்.

இப்போது எந்த மைதானத்துக்குப் போனாலும் காலுக்கு ஒரு குழி தோண்டிக்கொள்ளக் கேட்கிறான். சில நடுவர்கள் விடுகிறார்கள். சிலர் விரட்டுகிறார்கள், அவர்களோடு சண்டை போடுவது என் வேலை. இரண்டு ஆண்டில் மூன்று பரிசு. நான் மாதாவிடம் இப்போது குறையைச் சொல்வதோடு சரி. தீர்க்கும் வழியைச் சொல்லிக்கொடுப்பதில்லை. பிரியமானவர்களே, நீங்களும் மாதாவிடம் கேளுங்கள். கேட்டபடி வரவில்லையென்றால் என்னைப்போல் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

வெள்ளிக் காலைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். வெள்ளி, கூலி, மெழுகுவத்தி எல்லாம் சேர்த்துப் பதினேழு ரூபாய் ஆறணா.