கடைசி ஆள் உட்கார்ந்த பிறகு

அப்பா எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு ஆகிறது. திதிக்கு வருகிற உறவினர்கள், நண்பர்கள் கையில் ஒரு நினைவு மலர் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னபோது, அதற்கான கட்டுரையை நான் எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மகள் என்பதற்காக மட்டும் இல்லை. இதில் ஒரு தவறைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் செய்தவள் நான்.

அப்பா பனவடலிசத்திரத்தில், மழையை நம்பி விதைக்கிற குடும்பத்தில் பிறந்தார்கள். பத்தாம் வகுப்பு முடித்ததும் சில ஆண்டுகள் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. பிறகு அரசுப் பேருந்தில் நடத்துநர் ஆனார்கள். சங்கரன்கோவிலில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்துகொண்டு அண்ணனையும் என்னையும் கல்லூரி வரை படிக்க வைத்தார்கள். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் அம்மாவிடம் கோபப்படுவார்கள். அடுத்த வாய் சாப்பிடுவதற்குள் கோபம் போய்விடும்.

அப்பாவின் பேருந்து எப்போதும் தாமதம்தான். ஏறியவர்களில் கடைசி ஆள் உட்காரும் வரை, இடம் இல்லாவிட்டால் கம்பியைப் பிடித்து நிற்கும் வரை, இரட்டை விசில் அடிக்க மாட்டார்கள். "அண்ணாச்சி, பொண்ணு மாப்பிள்ள மணவறையில உக்காந்தாச்சு, வண்டிய விடுங்க" என்று பயணிகள் கேலி செய்வார்கள். தாமதத்துக்கு விளக்கம் கேட்டு டிப்போவிலிருந்து தாள் வரும். அப்பாவின் சுபாவம் அப்படி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

ஓய்வு பெற்ற மறு மாதமே திருவேங்கடம் சாலையில் இருக்கும் ஒரு பண்ணைக்குப் போகத் தொடங்கினார்கள். நாலைந்து ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துகிற கரிசல் நிலம் அது. மாற்றுத்திறனாளிகள் பதினான்கு பேர் அங்கே கூலிக்கு வேலை செய்கிறார்கள். மிளகாய், சின்ன வெங்காயம், கொஞ்சம் மல்லிகை. அப்பாவுக்கு அங்கே சம்பளம் கிடையாது. களையெடுப்பார்கள், மூட்டை தைப்பார்கள், சட்டைப் பையிலிருந்த தன் பழைய பித்தளை விசிலை அடிப்பார்கள். இரண்டு அடித்தால் வேலை ஆரம்பம், ஒன்று அடித்தால் நிறுத்தம். நேரம் சொன்னால் புரியாத சிலருக்கும் அந்த விசில் புரிந்தது. மாலையில் எல்லோரையும் வேனில் ஏற்றி, ஒவ்வொருவர் தோளையும் தொட்டுப் பார்த்து, அதன் பிறகுதான் இரட்டை விசில். அப்புறம்தான் வேன் நகரும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த வாரத்திலும் அப்பா பண்ணைக்குப் போனார்கள். "உங்களுக்கு நாங்க பிள்ளைகளா, அவங்க பிள்ளைகளா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தார்கள். "நீங்கதான் ஏறி உக்காந்தாச்சுல்லா ஏட்டி" என்றார்கள்.

போன ஆண்டு அந்த வியாழக்கிழமை, வழக்கம்போல மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்சில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பண்ணைக்கு ஒரு போன் போட்டுரு. அங்கன எல்லாரும் காத்துக் கிடப்பாவ" என்றார்கள். "இப்பவும் பண்ணைதானா?" என்று நான் சிடுசிடுத்தேன். அப்பா என்னிடம் கேட்ட கடைசிக் காரியம் அது. அதற்கு நான் சொன்ன கடைசிப் பதில் இது. திருநெல்வேலி போய்ச் சேருவதற்குள் அப்பா இறந்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் வெளியூர்களுக்கெல்லாம் போன் போட்டோம். பண்ணைக்குச் சொல்லவா என்று அண்ணன் கேட்டான். "அத்தனை பேரும் வந்தா யாரு பாத்துக்கிடுதது? பெறகு சொல்லிக்கிடலாம்" என்றேன். வீட்டில் விட்டுப் போன அப்பாவின் போனில் பண்ணையிலிருந்து பதினேழு அழைப்புகள் வந்திருந்தன. மறுநாள் அதைப் பார்த்த பிறகும் நான் திருப்பிக் கூப்பிடவில்லை. விசிலை அண்ணன் அப்பாவின் சட்டைப் பையிலேயே வைத்து அனுப்பினான். அது பாசத்தில் செய்தது. அவனை நான் குறை சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று வீட்டு வாசலில் பண்ணை வேன் வந்து நின்றது. மூன்றாம் நாள் பேருந்து நிலையத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்து வேன் டிரைவர்தான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். பதினான்கு பேரும் இறங்கினார்கள். கடையநல்லூர் செய்யது அண்ணனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அவரை மாலை போட்ட படத்தின் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

"போட்டோவை வச்சு நான் என்னம்மா செய்ய? அண்ணாச்சி விசிலைக் கொஞ்சம் கையில தாங்க" என்றார்.

அது அப்பாவோடு சிதைக்குப் போய்விட்டது என்று சொன்னேன். அவர் நீட்டிய கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு அந்த வியாழக்கிழமையைப் பற்றிச் சொன்னார். மாலை வேன் வந்ததும் எல்லோரும் ஏறியிருக்கிறார்கள். இசக்கியம்மாள் மட்டும் ஏறவில்லை. அவருக்கு நாற்பது வயது. எதையும் நிதானமாகத்தான் புரிந்துகொள்வார், புரிந்துகொண்டதை விடமாட்டார். "அண்ணாச்சி வரல, விசில் அடிக்கல" என்று வேன் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறார். பொழுது அடையும் வரை நின்றிருக்கிறார். அன்றும் அதற்குப் பிறகும் மாலையில் அவர் வீட்டிலிருந்து ஆள் வந்துதான் கூட்டிப் போயிருக்கிறார்கள். அன்று ஒரு போன் வந்திருந்தால் ஏறியிருப்பார்.

என்னால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. அப்பா சொல்லியும் நான்தான் போன் போடவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லி அழுதேன். செய்யது அண்ணன் என் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"அழாதீங்க தங்கச்சி. அவரும் ஒரு தப்புப் பண்ணினவருதான். வேலைக்குச் சேந்த புதுசுல, கக்கத்துல கட்டை ஊனி ஏறின ஒருத்தர் உக்காருததுக்கு முன்னாலயே ரெண்டு விசில் அடிச்சிட்டாராம். அந்த மனுசன் விழுந்து இடுப்பு ஒடிஞ்சு, அதுக்குப் பெறகு நடக்கவே இல்லையாம். அந்த மனுசன் கண்ணை மூடி மவுத்தாகுத வரைக்கும் அண்ணாச்சி மாசாமாசம் போயிப் பாத்திருக்காரு. எங்ககிட்ட சொல்லியிருக்காரு. உங்ககிட்ட சொன்னதில்லையா?"

இல்லை. முப்பத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

சாப்பிட்டு முடித்து அவர்கள் கிளம்பும்போது இசக்கியம்மாள் மறுபடியும் வேன் கதவருகில் நின்றுவிட்டார். டிரைவர் சொன்னார், அண்ணன் சொன்னான், நான் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "விசில் அடிக்கல" என்றார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது அம்மா வெளியே வந்தார்கள். தாலி இறக்கிய வீட்டில் அத்தனை சீக்கிரம் பெண் படி தாண்டக் கூடாது என்று சொந்தக்காரர்கள் தடுத்தார்கள். அம்மா கேட்கவில்லை. நேராக வந்து இசக்கியம்மாள் கன்னத்தைத் தடவி, "அவுக இனி வரமாட்டாக மக்கா. செத்துப் போயிட்டாக. நீ ஏறி உக்காரு, நான் சொல்லுதேன்" என்றார்கள். இசக்கியம்மாள் அம்மாவையே பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார். அம்மா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வேனின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்கள். வேன் நகர்ந்தது. அதுவரை அழாமல் இருந்த அம்மா அந்தத் தெருவிலேயே உட்கார்ந்து அழுதார்கள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நான் பண்ணைக்குப் போகிறேன். புது விசில் வாங்கினேன். அது அண்ணாச்சி விசில் மாதிரி இல்லை என்று இசக்கியம்மாள் இன்னும் சொல்கிறார். உண்மைதான்.

அப்பாவை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றவர்களுக்கும், அன்று எங்கள் வீட்டுக்கு அடுப்பு மூட்டிச் சோறு பொங்கிய பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்த டிப்போ நண்பர்களுக்கும், தூரம் பாராமல் வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பண்ணையின் பதினான்கு பேரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நேரில் கேட்டேன். இங்கே அச்சிலும் இருக்கட்டும்.

திதி அன்று மதியச் சாப்பாடு பண்ணையில். முதல் பந்தி அவர்களுக்கு. செய்யது அண்ணனுக்கு இலையில் எது எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இசக்கியம்மாள் தன் இடத்தைத் தேர்ந்தெடுக்க நேரம் ஆகும். பசியோடு வருகிற உறவினர்கள், பதினான்கு பேரில் கடைசி ஆள் உட்காரும் வரை கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டுகிறேன். அதன் பிறகு நான் விசில் அடிப்பேன்.