அண்ணன் தூக்காத பிள்ளை

ஐந்து மாதப் பிள்ளையைப் பார்த்து ஒரு ஆண்பிள்ளை ஒதுங்கி நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். அது என் அண்ணன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. ஆறப்போடு, ஆறப்போடு என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எதற்கு ஆற வேண்டும்?

அண்ணனுக்கும் மதினிக்கும் கல்யாணமாகிப் பல வருஷமாகக் குழந்தை இல்லை. அண்ணன் மண்ணரைப் பகுதியில் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறார். ஐந்து வேளைத் தொழுகையை விடமாட்டார். அவர்கள் பார்க்காத டாக்டர் இல்லை, போகாத தர்கா இல்லை. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் மதினி போட்ட டீயைக் குடித்துவிட்டு, மதினி காதில் விழும்படியே, "இன்னொண்ணு கட்டிக்கப்பா, நம்ம மார்க்கத்துலதான் எடம் இருக்குதே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நியாயமாக நடத்த முடியாது என்று பயந்தால் ஒன்றோடு நிறுத்திக்கொள் என்று, இடம் கொடுத்த அதே வேத வசனத்தில் இருக்கிறது. அது மட்டும் இவர்கள் கண்ணில் படாது.

அண்ணன் இன்னொன்று கட்டவில்லை. தத்தெடுக்கலாம் என்று மதினி சொன்னதும் சரி என்றார். அரசாங்கத்தில் பதிந்து வைத்து, வருமா வராதா என்று வருஷக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் ஒரு நாள் போன் வந்தது. வேறு மாவட்டத்துக்குப் போய்ப் பெண்குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஐந்து மாதம். தலை நிறைய முடி. பஸ்ஸில் வரும்போது முழுவழியும் அண்ணன் மடியிலேயே தூங்கியதாம். இறக்கிவிடவே மாட்டேன் என்றாராம். இப்படி முதலில் வளர்க்கக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நாள் கழித்து ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்துப் பேசுவார். அதற்குப் பிறகுதான் முழுசாக நம் பிள்ளை. அதற்குள் வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பிள்ளை வந்த வாரமே, ஜும்மா தொழுகை முடிந்த கையோடு பெரியத்தா வந்துவிட்டார். எங்களைப் பெற்ற அத்தாவுக்கு அண்ணன். அத்தா மௌத்தான பிறகு எங்களுக்கு அவர்தான் பெரிய தலை. ஜமாஅத் கமிட்டியிலும் இருக்கிறார். கல்யாணம், தலாக், பாகப்பிரிவினை எதுவானாலும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வரைக்கும் அவரிடம்தான் வந்து கேட்பார்கள். கூடவே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"அனாதைப் புள்ளைய வளக்கறது பெரிய நன்மை கண்ணு. பணத்தக் குடு, படிக்க வையி, யாரும் வேண்டாம்னு சொல்லலை. ஆனா ஊட்டுல வெச்சு வளக்கறது வேற. இது நாளைக்குப் பெரிய மனுசி ஆகும். நீ இதுக்கு மஹ்ரம் கெடையாது. அந்நிய ஆம்பளை. ஒரே கூரைக்குள்ள எப்படி இருப்பே?"

மஹ்ரம் என்றால் கல்யாணம் கட்டவே கூடாத நெருங்கிய சொந்தம். அத்தா, கூடப்பிறந்தவன், தாய்மாமன், சித்தப்பா. இவர்கள் முன்னால் பெண்ணுக்குப் பர்தா தேவையில்லை. வளர்த்தவன் அந்தக் கணக்கில் சேரமாட்டான். பெரியத்தா சொன்னது பொய் என்றால் நானே சண்டை போட்டிருப்பேன். மார்க்கச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. வயிற்றெரிச்சலே அதுதான். ஒரு முழுச் சட்டத்தில் பாதியைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அண்ணன் பிள்ளையைத் தூக்குவதை விட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மாதமான என் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே போனேன். பாயில் கிடந்த பிள்ளை புரண்டு புரண்டு டேபிள் ஃபேன் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "ஏம்மா, வா, புள்ளையத் தூக்கு" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறார். எட்டினால் கை படும் தூரம். நான் பையனைக் கீழே விட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கினேன்.

"ஏனுங்ணா, உங்களுக்குக் கையில என்ன, கொப்பளமா?"

அண்ணன் தலையை நிமிர்த்தவே இல்லை. "பழகிட்டா விட முடியாதும்மா. திருப்பிக் குடுக்கறதுன்னா இப்பவே குடுத்தரோணும். அடுத்த வாரம் ஆபீசரம்மா வர்றாங்க. நாளைக்கு மறுமையில அல்லாஹ்கிட்ட நான் என்ன பதில் சொல்றது?"

மதினி அடுப்படி வாசலில் நின்றிருந்தார். கையில் பால் பாட்டில். அழவில்லை. "ஒருக்கா வேண்டாம்னு விட்டுப்போட்டுப் போன புள்ளை அம்மிணி இது. ரெண்டாந்தரமும் விட்டுப்போட்டா அது எங்க போகும்? உங்க அண்ணங்கிட்ட நீயாச்சும் சொல்லு" என்று என்னிடம் சொன்னார். அண்ணன் கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். நல்ல மனுஷனைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் கம்பெனிக்குப் போனேன். நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். பையனை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பத்து மணிக்கெல்லாம் மார் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்துவிடும். எங்கள் கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் என்று அழகாகப் போர்டு எழுதிய ரூம் ஒன்று உண்டு. துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் வருகிற அன்றைக்கு அதில் இரண்டு பொம்மையும் ஒரு தொட்டிலும் முளைக்கும். மற்ற நாளில் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி. அதனால் என்னைப் போன்றவர்கள் பாத்ரூமில் போய் நின்று பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டு வருவோம். பிள்ளை குடிக்க வேண்டிய பால் சாக்கடையில் போகும். சூப்பர்வைசர் வேறு, "இத்தன நேரம் உள்ள என்ன பண்றீங்க?" என்று வெளியிலிருந்து கேட்பார்.

அன்றைக்கும் அப்படித்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு பீய்ச்சிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அட யா அல்லாஹ், என்னிடம்தானே பால் இருக்கிறது!

எங்களில் எந்தப் பொம்பிளையைக் கேட்டாலும் இது தெரியும். ஒருத்தி இன்னொருத்தி பிள்ளைக்கு இரண்டு வயதுக்குள் பால் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கு அவள் தாய். அவள் பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள். அவள் கூடப்பிறந்தவன் தாய்மாமன். சொந்தத்துக்குள் சம்பந்தம் பேசும்போது யார் யாருக்குப் பால் கொடுத்தது என்றுதான் வீட்டுப் பொம்பிளைகள் முதலில் விசாரிப்பார்கள். எங்கள் நபியே செவிலித்தாயிடம் பால் குடித்து வளர்ந்தவர்கள்தான். பெரியத்தாவுக்கும் இது தெரியாமல் இல்லை. தன் மகளுக்கு நிச்சயம் வரைக்கும் போன சம்பந்தத்தை, மாப்பிள்ளையின் அம்மா அவளுக்கு ஒருதரம் பால் கொடுத்திருக்கிறாள் என்று யாரோ ஞாபகப்படுத்தியதும், ஒரே வார்த்தையில் நிறுத்தியவர் அவர். "ஒரு மடக்கு உள்ள போனாலும் சொந்தம் சொந்தந்தான்" என்றார். என்ன கண்டிப்பு, என்ன பேணுதல் என்று ஊரே மெச்சியது. நிறுத்துவதற்கு ஞாபகம் வந்த சட்டம், ஒரு பிள்ளையைச் சேர்ப்பதற்கு ஞாபகம் வரவில்லை.

பக்கத்து மிஷினில் தைக்கிறவள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். நான் தைக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். "ஏக்கா, சாமி வரங் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டாம்பாக. எங்காளுகளுக்குத்தான்னு நெனச்சேன். ஒங்களுக்கும் உண்டா?" அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்துக்குப் போன் போட்டேன். நான் முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"தாராளமாக் குடுங்க. நீங்க பால் குடுத்தா உங்க அண்ணன் அந்தப் புள்ளைக்குத் தாய்மாமன். மஹ்ரம் ஆயிட்டாரு. உங்க ஊட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. அவ்வளவுதானுங்க."

"இது எங்க பெரியத்தாவுக்குத் தெரியாதுங்களா ஹஜ்ரத்?"

"தெரியாம இருக்காதுங்கம்மா" என்றார்.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "இதுக்கெல்லாம் கேக்கோணுமா, போ" என்றார். சாயங்காலம் பையனையும் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அண்ணனுக்கு முகம் மாறியது. ஆனால் பெரியத்தா வாயால் கேட்டால்தான் மனசு சமாதானமாகும் என்று அவரையும் வரச் சொன்னார். பெரியத்தா முன்னறையில் உட்கார்ந்திருக்க, நானும் மதினியும் உள் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டோம். அங்கே வந்தது பாருங்கள் அடுத்த சோதனை. பாட்டிலில் பழகிய பிள்ளை. மாரில் வாயை வைக்கவே மாட்டேன் என்று வீறிட்டுக் கத்துகிறது. என் பையன் ஒரு பக்கம், அது என்னுடையது என்று ரவிக்கையைப் பிடித்து இழுக்கிறான். மதினிக்கு வியர்த்து ஊற்றுகிறது. கடைசியில் ஒரு டம்ளரில் பாலைப் பீய்ச்சி, பாலாடைச் சங்கை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். சப்புக் கொட்டிக்கொண்டு குடித்தது. ஏப்பம் கூட விட்டது.

வெளியே வந்து சொன்னோம். பெரியத்தா தாடியைத் தடவினார்.

"பாலாடையில குடுத்தாச் செல்லுமா? மாருல குடிச்சாத்தானே தாய்?"

எனக்கு வந்ததே கோபம். "உங்க மக நிச்சயத்த நிறுத்துனப்ப ஒரு மடக்கு உள்ள போனாப் போதும்னீங்களே பெரியத்தா! அன்னிக்கு மார்ல குடிச்சுதா, பாலாடையில குடிச்சுதான்னு கேட்டீங்களா? நிறுத்தறதுன்னா ஒரு மடக்கு, சேத்தறதுன்னா ஆயிரம் கேள்வியா?"

பெரியவரிடம் அப்படிப் பேசக் கூடாதுதான். பேசினேன். ஹஜ்ரத்துக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். வயிற்றுக்குள் போனால் போதும், எதில் கொடுத்தால் என்ன, செல்லும் என்று தெளிவாகச் சொன்னார். பெரியத்தா எழுந்து, "சரி, அப்பத் தப்பில்லை" என்றார். என்னமோ அவர்தான் பெரிய மனசு பண்ணி அனுமதி கொடுத்த மாதிரி.

அண்ணன் பிள்ளையை வாங்கிக்கொண்டார். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் நடந்தார். தோளைச் சட்டையோடு கடித்துக்கொண்டு அது எச்சில் பண்ணியது. அந்த ஆளுக்குக் கண்ணீர் நிற்கவே இல்லை. மதினி முதல்தடவையாக உட்கார்ந்து அழுதார். அடுத்த வாரம் அதிகாரி வந்தார், பார்த்தார், பிள்ளை எங்கள் பிள்ளை ஆனது.

என் மாமியாருக்கு மட்டும் ஆற்றாமை. "என்ன காரியம் பண்ணிப்போட்டே! அண்ணன் மக மொறைப்பொண்ணாச்சே. நாளைக்கு நம்ம பையனுக்குக் கட்டியிருக்கலாம். இப்ப அண்ணன் தங்கச்சி ஆக்கி வெச்சுட்டியே" என்று மூன்று நாள் பேசவில்லை. யார் பெற்றதோ, என்ன ஜாதியோ என்று முந்தின நாள்வரை மூக்கைச் சுழித்த அதே வாய். எதைச் சொல்ல, எதை விட.

விஷயம் எப்படியோ வெளியே பரவிவிட்டது. சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, துப்பட்டி போட்ட ஒரு அம்மா விலாசம் விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். சோமனூர். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறாராம். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"நாங்களும் ஒரு புள்ளை கொண்டாந்தோமுங்க. ஆம்பளப் புள்ளை. உங்க பெரியத்தாகிட்டத்தான் கேக்கப் போனோம். பெரிசானா உனக்கு அது அந்நிய ஆம்பளைன்னு சொன்னாருங்க. என்ற ஊட்டுக்காரரு பயந்துட்டாரு. கொண்டு போய்த் திருப்பி விட்டுட்டோம். விட்டுட்டு வாறப்ப என்ற துப்பட்டியக் கெட்டியாப் புடிச்சுக்கிச்சுங்க. ஹோமுல இருந்த அம்மா ஒவ்வொரு விரலாப் பிரிச்சுத்தான் எடுத்தாங்க."

நான் என் பையனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"என்ற தங்கச்சிக்கு அப்பக் கைப்புள்ளைங்க. பக்கத்து ஊடுதான். அவ குடுத்திருந்தா நான் அதுக்குப் பெரியம்மா ஆயிருப்பேன், இல்லீங்களா? பாலாடையில குடுத்திருந்தாலும் செல்லுமுங்களா?"

செல்லும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். சொம்பை வைத்துவிட்டு, "அதக் கேட்டுட்டுப் போலாம்னுதானுங்க வந்தேன்" என்று எழுந்துகொண்டார்.

அவரை பஸ் ஏற்றிவிட்டு நேராகப் பெரியத்தா வீட்டுக்குப் போனேன். சாயங்கால அஸர் தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சோமனூர்க்காரர்களை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். தங்கச்சி பால் கொடுத்தால் போதும் என்று அன்றைக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வெச்சுக்கலாமான்னு கேட்டாங்க, கூடாதுன்னேன். வழி இருக்குதான்னு அவங்க கேக்கலையே கண்ணு" என்றார். "கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

அந்தப் பையனுக்கு அப்போது பேச்சுக்கூட வந்திருக்காது. அவன் எப்படிக் கேட்பான்?